தலைவாரக் கை எழாத வீச்சாளர்

ஆசிரியருக்கு,

பேஸ்பால் என்றாலே பேப் ரூத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவருக்கு முந்தைய பந்து வீச்சாளர் சார்லஸ் ராட்போர்னைப் பற்றியும் எழுதுங்கள்.

1884-இல் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் இன்னொரு வீச்சாளர் சார்லி ஸ்வீனி பாதியில் விலக, மீதி ஆட்டங்களின் சுமை ஏறத்தாழ முழுக்க இவர் தலையில் விழுந்தது. ஒரே பருவத்தில் 678 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது)! காலையில் தலைவாரக்கூடக் கை எழாதாம். மைதானத்தில் கிட்டத்திலிருந்து வீசத் தொடங்கி, மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டி, தோள் இளகியதும் ஆட்டத்துக்கு நிற்பார். அணி லீக் பட்டம் வென்றது. பிறகு இன்னொரு லீக்கின் பட்டம் வென்ற நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியை வீழ்த்திய மூன்று ஆட்டங்களிலும் வீசியவர் இவரே.

42 வயதில் மறைந்தார். இன்றைய வீச்சாளர்களின் காயங்களை அக்கறையோடு எழுதும் தாங்கள், இவருக்கும் அரைப்பக்கம் ஒதுக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி