மணி மீட்டரைப் பார்த்து ஸ்கி படகு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் முதன்முதலாகப் பழைய படகு வாங்குபவர்களுக்கான கட்டுரையைப் படித்தேன். டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு வீடு வாங்கி முடித்ததும் அடுத்து வரும் ஆசை இதுதான். மிச்சிகனில் உள்ள ஏரிகள் மட்டும் 11,000-க்கு மேல்; ஆசை வராமல் என்ன செய்யும்? ஆனால், "மணி மீட்டரில் ஓடிய நேரம் குறைவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்" என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. எஞ்சின் இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவதுதான் மணி மீட்டர். வாட்டர் ஸ்கி, அதாவது காலில் பலகை கட்டித் தண்ணீர் மேல் சறுக்குபவரை, இழுக்கும் இன்போர்டு படகுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. இப்போது நோவை ஊரில் இருக்கிறோம். மகள் ஸ்கி பழகுகிறாள் என்று 1995 மாடல் ஸ்கி நாட்டிக் என்ற இன்போர்டு ஸ்கி படகு ஒன்றைப் பழசாகத்தான் வாங்கினோம். புதுசு லட்சம் டாலரைத் தாண்டும். அது நமக்கு இல்லை. நாங்கள் வாங்கும்போதே மீட்டர் ஆயிரம் மணியைத் தாண்டியிருந்தது. இன்றும் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

இன்போர்டு என்றால் எஞ்சின் படகின் நடுவிலேயே ஒரு பெட்டிக்குள் இருக்கும். கார், டிரக்குகளில் வரும் வி8 எஞ்சினையே கொஞ்சம் மாற்றி வைத்திருப்பார்கள். எங்களுடையது ஃபோர்டு 351. அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் சாய்வாக அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். புரொப்பல்லர் படகுக்கு அடியில் மறைவாகச் சுற்றும். எடை நடுவில் இருப்பதால் பின்னால் எழும் அலை தணிவாக இருக்கும், ஸ்கி ஓட்டுபவருக்கு அதுதான் வேண்டும். ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதைப் பார்த்து முதல்முறை வாங்குபவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஷாஃப்டைச் சுற்றி இறுக்கித் தண்ணீரைத் தடுக்கும், நம்மூர் விசைப்படகில் இருக்கும் அதே கிளாண்டு பேக்கிங் ஏற்பாடுதான் அது. ஓடும்போது நாலு சொட்டு விழுவதுதான் முறை. ஒழுகிக் கொட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தப் படகுகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். எஞ்சினைக் குளிர்விக்க ஏரித் தண்ணீரையே உறிஞ்சி உள்ளே விடுகிறார்கள். சீசன் முடிந்ததும் எஞ்சின் பிளாக்கிலும், புகை வெளியேறும் மேனிஃபோல்டிலும் தங்கிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் மிச்சிகன் குளிரில் அது உறைந்து, விரிந்து, வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். ஒரே ஒரு வருடம், ஒரே ஒரு இரவு போதும். மீட்டரில் இருநூறு மணிதான் ஓடியிருக்கும், எஞ்சின் போயிருக்கும். அதனால் விற்பவரிடம் "எத்தனை மணி ஓடியது" என்று கேட்பதைவிட "ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் தண்ணீரை வடித்தது யார், பில் இருக்கிறதா" என்று கேளுங்கள். அப்புறம், வீட்டு வாசலில் தோட்டக் குழாயை மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஏரியில் இறக்கி, ஆளை ஏற்றி, அரை மணி நேரம் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் காபி மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது, மரியாதையாகக் கிளம்பிவிடலாம். எண்ணெய் சுத்தமாக இருந்தாலும் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று) பார்க்கச் சொல்லி ஒரு மெக்கானிக்குக் காசு கொடுப்பது வீண் செலவு இல்லை.

நிற்பதால் வரும் இன்னொரு கேடு கண்ணுக்கே தெரியாது. எண்பதுகளில் கட்டிய பல படகுகளில் அடித்தளத்தைத் தாங்கும் நீளக் கட்டைகள், இங்கே ஸ்ட்ரிங்கர் என்பார்கள், ஃபைபர்கிளாஸ் சுற்றிய மரம்தான். மழைத் தண்ணீர் அடியில் தேங்கி நின்றால் திருகு ஓட்டை வழியாக உள்ளே இறங்கி மரம் இற்றுவிடும். ஸ்கி நாட்டிக்கைக் கட்டும் ஆர்லாண்டோ கம்பெனியான கரெக்ட் கிராஃப்ட் 1993 மாடலில் இருந்து ஸ்கி நாட்டிக்கில் மரத்தை விட்டுவிட்டது. நாங்கள் 1995 மாடலைத் தேடியதற்கு அதுவே முக்கியக் காரணம்.

அதற்கு முன் ஒரு 1988 மாடல் பார்க்கப் போனோம். வேறு கம்பெனிப் படகு. விற்பவர் அதைக் கொட்டகைக்குள் உறை போட்டு வைத்திருந்தார். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. "அதிகம் ஓடவே இல்லை, இங்கேயேதான் நின்றது" என்று பெருமையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் மனசுக்குள் ஏற்கெனவே ஏரிக்குப் போய்விட்டார். எஞ்சினை ஸ்ட்ரிங்கரோடு பிணைக்கும் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கெட்டியாகப் பிடிக்க வேண்டிய போல்ட் இரண்டு விரல் பலத்துக்கே சுற்றிக்கொண்டு வந்தது, மரையைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. பக்கத்தில் ஸ்பேனர் பிடியால் தட்டினால் ஓரிடத்தில் 'டக்' என்றது, ஒரு முழம் தள்ளி 'பொத்' என்றது, அங்கே உள்ளே மரம் இற்றுவிட்டது. "ஏங்க, இது வேண்டாம், வாங்க" என்றேன். கட்டையை மாற்றுவதென்றால் எஞ்சினை வெளியே எடுத்து, தரையைப் பெயர்த்து, முழுப் படகையும் பிரித்துக் கட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு படகே வாங்கலாம்.

கட்டுரையில் இன்னொரு யோசனையும் இருந்தது: "ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவற்றைக் கார் கடையில் மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்." தயவுசெய்து இதைத் திருத்திப் போடுங்கள். காரில் பெட்ரோல் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் போக வழி கிடையாது. காற்றைவிடக் கனமான அந்த ஆவி அடித்தளத்திலேயே தங்கும். ஒரு பொறி போதும். படகுக்கான பாகங்களைப் பொறி வெளியே வராதபடி மூடித் தயாரிக்கிறார்கள், விலை அதனால்தான் கூடுதல். ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடம் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியை (புளோயர்) ஓட விடும்படி படகிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பதும் இதற்காகத்தான். பழைய படகில் முன்னாள் சொந்தக்காரர் கார் பாகம் மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள், மாட்டியிருப்பார்கள்.

காகித விஷயத்தைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பின்பக்கம் வலது மேல் மூலையில் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். அது டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். மிச்சிகனில் எஞ்சின் நிலையாகப் பொருத்திய படகு எந்த நீளமானாலும் டைட்டில் உண்டு, ஆகவே "இதற்கெல்லாம் பேப்பர் தேவையில்லை" என்று இன்போர்டு விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

இழுக்கும் வண்டியையும் யோசிக்க வேண்டும். நம் ஆட்கள் வீட்டில் பெரும்பாலும் நிற்பது மினிவேன். அதில் பல 3,500 பவுண்டுதான் இழுக்கும். படகு, டிரெய்லர், நிறைந்த பெட்ரோல் டேங்க், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் அந்த அளவைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். ஓட்டக் கற்கும்போது முதலில் திண்டாட வைப்பது ரிவர்ஸ். இன்போர்டில் பின்னால் போகும்போது ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. புரொப்பல்லர் சுற்றும் பக்கம்தான் பின்புறம் இழுக்கும். எந்தப் பக்கம் என்று சோதனை ஓட்டத்திலேயே விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படகுத்துறையில் நாலு பேர் பார்க்கும்போது கண்டுபிடிப்பது நன்றாக இருக்காது.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். ஓடும் படகின் பின்னால், ஏறி இறங்க நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் சிரித்தபடி தண்ணீரில் இழுபடுகிறார்கள். எஞ்சின் புகை வெளியேறுவது அந்தப் பலகைக்கு அடியில்தான். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. திறந்த ஏரியில், நல்ல காற்றடிக்கும்போதே இப்படிப் பலகையைப் பிடித்துத் தொங்கியவர்கள் மயங்கித் தண்ணீருக்குள் போய் இறந்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது பலகையில் உட்காரவும் கூடாது, பிடித்துத் தொங்கவும் கூடாது. அச்சில் வந்ததை ஒன்றும் செய்ய முடியாது, சரி. இணையப் பதிப்பில் அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நோவை, மிச்சிகன்