லியோனிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து தீரப்போகிறது என்றாயே, பணம் அனுப்பிவிட்டேன். "அங்கெல்லாம் என்ன பாட்டுதான் கேப்பாங்க?" என்று அன்றைக்குக் கேட்டாய். அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது.

இங்கே பிரான்ஸில், லியோன் நகரத்தில் நான் இருக்கிற குருவா-ரூஸ் மேடு ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் இருந்த இடம். உயரமான ஜக்கார்டு தறியை நிறுத்துவதற்காகவே இங்கே வீடுகளின் உத்தரத்தை ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஹீட்டர் போட்டால் சூடெல்லாம் உத்தரத்துக்குப் போய்விடும், கீழே எனக்குக் கால் விறைக்கும். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அப்புறம் முதியோர் இல்லத்தில் விடியும்வரை வேலை.

அங்கே என்னோடு வேலை பார்க்கிற ஒரு அம்மா, நான் புதுச்சேரி என்றதும், "அப்போ கோவா பக்கமா?" என்றார். மேற்கும் கிழக்கும் இவர்களுக்கு ஒன்றுதான்! மறுநாள் ஒரு சீடி கொண்டுவந்து கொடுத்தார்: 'ஃபாரன்ஹீட் ப்ராஜெக்ட்', முதல் தொகுப்பு, 2001. பலருடைய பாட்டுகளைச் சேர்த்து இந்த ஊர் உல்டிமே நிறுவனம் போட்டது. ஏஸ் டானா என்ற பெயரில் இசையமைப்பவரும் மஹியான் என்ற டீஜேவும் தொடங்கிய நிறுவனம். 2011 வரை அந்த வரிசையில் ஏழு தொகுப்புகள் வந்தன. சுவீடன்காரர்களான சோலார் ஃபீல்ட்ஸும் கார்பன் பேஸ்டு லைஃப்ஃபார்ம்ஸும் இந்த நிறுவனத்தில்தான் ஆல்பம் போட்டார்கள்.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். வெறும் ரீங்காரம், தண்ணீர் ஓடுவது போல ஏதோ, ரொம்ப நேரம் கழித்து மெல்ல ஒரு தாளம். இதைத்தான் ஆம்பியன்ட் என்கிறார்கள். இதன் பங்காளி, கோவா கடற்கரை ஆட்டங்களில் பிறந்த கோவா டிரான்ஸ். அதில் நிமிடத்துக்கு 140 வாக்கில் அடி விழும்.

இனிமேல்தான் மைக் செட் போடுகிற உனக்கான விஷயம். கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் இசைத்தட்டை வைத்து ஓட்ட முடியவில்லை, வெயிலில் வளைந்துவிடும். அதனால் கோவா கில் மாதிரி டீஜேக்கள் கேசட்டில் ஓட்டினார்கள், பிறகு டேட் என்ற டிஜிட்டல் டேப்பில். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை. ஒரு பாட்டின் தாளத்தை அடுத்ததோடு எப்படிப் பொருத்துவது? அதனால்தான் அடி இல்லாத நீளமான தொடக்கமும் முடிவும் வைத்தே பாட்டுப் போட்டார்கள். அந்த இடத்தில் ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றிவிடலாம். நான் அதையெல்லாம் ஏதோ தியானம் என்று நினைத்திருந்தேன், கடைசியில் பார்த்தால் உன் மாதிரி மைக் செட்காரனின் சமாளிப்பு!

கோவா டிரான்ஸில் நெளிந்து நெளிந்து கத்தும் ஒரு சத்தம் வரும், கவனித்துக் கேள். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சின்ன மின்னணு இசைப்பெட்டி போடும் சத்தம் அது. பேஸ் கிட்டார்காரர் இல்லாத குறையைத் தீர்க்க 1981-இல் செய்தார்கள். விற்கவில்லை, 1984-இல் நிறுத்திவிட்டார்கள். மலிவாகக் கிடைத்ததை வாங்கிய பிள்ளைகள் ஃபில்டர் குமிழைக் கண்டபடி திருகி இந்தச் சத்தத்தைப் பிடித்தார்கள்.

இன்னொன்று. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் 2000-ஆம் ஆண்டு விதியைத் திட்டிக்கொண்டே இருப்பாயே, கோவாவின் விடிய விடிய ஆட்டத்துக்கும் வேட்டு வைத்தது அதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தாத்தா பாட்டிகள் தூங்கியதும், துணி மடிக்கும் அறையில் மெல்லமாக இந்த ஆம்பியன்ட் இசையை வைக்கிறேன். வார்த்தை இல்லாததால் யாரும் கூப்பிட்டால் காதில் விழுகிறது. எனக்கு அது போதும்.

சீடியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் பெரிய பாக்ஸில் போட்டுப் பார், பேஸ் ரொம்பக் கீழே இறங்கும், ஆம்பைப் பார்த்து வை. அடுத்த வாட்டி பேசும்போது பெட்டி தாங்கியதா என்று சொல்.

அன்புடன்,
அக்கா