தட்டம்மை குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

நம் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருவருக்குத் தட்டம்மை கண்டிருப்பதை மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். செய்தி அறிந்த பெற்றோர் சிலர், “சின்ன வயதிலேயே வந்து போய்விட்டால் உடம்பில் எதிர்ப்பு ஏறிவிடும், நல்லதுதானே?” என்று கேட்டார்கள். ஒருமுறை வந்தவருக்குத் தட்டம்மை மீண்டும் வருவது மிக அரிது என்பது உண்மையே. ஆனால் அதற்கு உடல் கொடுக்கும் விலையையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இக்கடிதம் சற்று நீள்கிறது.

செல்லின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட சில புரதங்களைப் பற்றிக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். அவற்றை ஏற்பிகள் என்பர். தட்டம்மை வைரஸின் உறையிலுள்ள எச் என்ற புரதம் ஏற்பியைப் பற்றியதும், எஃப் என்ற மற்றொரு புரதம் அவ்வுறையைச் செல்லின் சவ்வோடு இணைத்து வழி திறந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட ‘ஸ்லாம்’ என்ற முதன்மை ஏற்பி, நோயை எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்களில், அதிலும் முன்பு கண்ட கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களில், மிகுதியாக இருக்கிறது. மூச்சோடு நுரையீரலை அடையும் வைரஸை அங்குள்ள எதிர்ப்புச் செல்களே, திருடனுக்குக் காவலாளியே வழிகாட்டுவது போல, நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

அங்கே பெருகி இரத்தத்தில் கலக்கும் வைரஸ், மூச்சுக்குழாயின் உட்புறச் செல்களை அடிப்பக்கத்திலிருந்து ‘நெக்டின்-4’ என்ற வேறோர் ஏற்பியின் வழியாகத் தொற்றி, இருமலிலும் தும்மலிலும் வெளியேறுகிறது. இந்த ஏற்பி கண்டறியப்பட்டது 2011-இல்தான். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே குழந்தை நோயைப் பரப்பக்கூடும் என்பதாலும், வைரஸ் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கும் என்பதாலும், யாருக்கு நோய் இருக்கிறது என்று பார்த்து ஒதுக்கி வைப்பது மட்டும் போதாது.

நினைவுச் செல்கள் அழிவதால், பிற நோய்களுக்கு எதிராக உடல் முன்பே சேர்த்து வைத்திருந்த பாதுகாப்பும் குறைகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தட்டம்மைக்குப் பின் அவர்களது எதிர்ப்புப் புரதங்களின் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழப்பு காணப்பட்டது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் அவ்விழப்பு இல்லை.

ஆகவே, 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றுமாக எம்.ஆர். (தட்டம்மை–ரூபெல்லா) தடுப்பூசியின் இரண்டு தவணைகளும் போடப்பட்டுள்ளனவா என்பதைத் தடுப்பூசி அட்டையில் பார்த்து, அட்டையின் நகலை வகுப்பாசிரியரிடம் தர வேண்டுகிறேன். விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுகுங்கள். காய்ச்சலுடன் சிவந்த தடிப்பு தோன்றினால் வேப்பிலை வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். தடிப்பு தோன்றிய பின் குறைந்தது நான்கு நாள்கள் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அந்நாள்களுக்கு வருகைப் பதிவு குறித்துக் கவலை வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்