பேராசிரியரின் வடலிக் கொப்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தாவரவியல் பேராசிரியரின் பவளவிழாவையொட்டிக் கடந்த ஞாயிறு இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். பட்டங்களும் பதவிகளும் ஆய்வுக் கட்டுரைகளும் ஒழுங்காகவே தரப்பட்டிருந்தன. ஆனால் பனையின் பிறப்புரிமையியலில் (மரபியலில்) அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அவரிடம் படித்தவள். பின்பு உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவள். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் அவருடைய கற்பித்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத காலத்தில், என் மாணவிகள் சிலரை ஒரு சனிக்கிழமை அவரிடம் அழைத்துப் போனேன். சின்ன வெங்காயம் ஒன்றை ஜாம் போத்தலின் வாயில், அடி மட்டும் தண்ணீரில் படும்படி இருத்தி வைத்திருந்தார். அது விட்ட வேரின் நுனியை நறுக்கி, அமிலத்தில் இளக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். நுணுக்குக்காட்டியின் ஆடியை யன்னல் பக்கம் திருப்பி வானத்து வெளிச்சத்தைப் பிடித்தார். ஒரு பிள்ளை கலத்துக்குள் தெரிந்த நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) நெடுநேரம் எண்ணிவிட்டு, "நிறமூர்த்தங்கள் பதினாறு, சேர்" என்றாள். "பதினாறும் பெற்றுவிட்டீர் பிள்ளை, இனிப் பெருவாழ்வுதான்" என்றார் அவர். அந்தப் பிள்ளைகள் இரவில் படித்ததும் இன்னொரு ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான்.

ஆனால் அவருடைய மனம் முழுவதும் பனையில் இருந்தது. நடுகிற பனங்கொட்டை ஆணாகுமா பெண்ணாகுமா என்பது வடலி என்கிற இளம்பனையைப் பார்த்துத் தெரிவதில்லை. பாளை விடும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 12 ஆண்டும் ஆகலாம், 20 ஆண்டும் ஆகலாம். நிறையக் கருப்பநீர் (பதநீர்) தருகிற தாய்மரத்தின் குணம் பிள்ளை மரங்களுக்கு இறங்குகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. நான் மாணவியாக இருந்தபோது, எங்கள் ஊர்ச் சீவல்தொழிலாளி ஒருவர் தளைநார் போட்டு ஏறி, விரியாத பெண்பாளையைத் துணிப்பையால் கட்டிவிட்டு இறங்குவார். நாள் பார்த்து மறுபடி ஏறி, தெரிந்தெடுத்த ஆண்பனையின் மகரந்தத்தைத் தூரிகையால் பூவில் தடவுவார். எந்த மரம் எத்தனை முட்டி நிரப்பும், எது மழைக்கு முந்திச் சோரும் என்று அவர் சொல்வதைப் பேராசிரியர் அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்வார். அந்தப் பழங்களின் கொட்டைகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். "வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கப் போகிறாராம்" என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் போரினால் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கொடிகாமத்தில் எங்கள் வீட்டுக்கு மறுநாள் மாலை வந்து சேர்ந்தார். சைக்கிள் கரியரில் பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. உடுப்பாக்கும் என்று நினைத்தேன். அவிழ்த்தபோது உள்ளே இருந்தவை பதினொரு கொப்பிகள். அவர் உடுத்திருந்த வேட்டி நனைந்து சேறாகியிருந்தது. கொப்பிகளில் ஒரு தாளும் நனையவில்லை. ஊர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது நட்ட வடலிகளில் பாதியைக் காணவில்லை. எஞ்சியவற்றுக்குப் பழைய எண்களையே எழுதிக் கட்டிவிட்டு, அவை பாளை விடும்வரை காத்திருந்தார். ஒவ்வொரு மரத்தின் முதற்பாளையும் தேதியோடு கொப்பியில் இருக்கிறது.

பிறப்புரிமையியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் பட்டாணியை எடுத்துக்கொண்டதால் ஆண்டுக்கு ஒரு தலைமுறையைப் பார்க்க முடிந்தது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்தார். பனையில் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் இரண்டு தலைமுறைகளைக் கண்டால் பெரிது. மூன்றாவது தலைமுறையைப் பார்க்கப்போவது வேறொருவர்; அவருக்குக் கொப்பி வேண்டும். கொப்பி இல்லாவிட்டால் அந்த மரங்கள் வெறும் தோப்பு. மெண்டல் 1884இல் இறந்த பிறகு அவருடைய தாள்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டது. 1866இல் அச்சேறிய கட்டுரை நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்ததால்தான் 1900இல் மற்றவர்கள் அதைக் கண்டெடுக்க முடிந்தது. பேராசிரியரின் வடலிக் குறிப்புகளோ இன்னும் அச்சேறவில்லை. வரிசை முழுவதும் பாளை விடாமல் முடிவு எழுதக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது.

அந்தக் கொப்பிகள் அவர் வீட்டு மர அலுமாரியில் இருக்கின்றன. சென்ற மாதம் போனபோது அலுமாரியின் பின்பலகையில் கறையான் மண் ஏறியிருந்ததைக் கண்டேன். தட்டித் துடைத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு எனக்கு நித்திரை இல்லை. பவளவிழாவுக்கு மலர் வெளியிட விரும்புகிறவர்கள் அந்தப் பணத்தில் முதலில் இவற்றைப் பக்கம் பக்கமாகப் படியெடுக்க வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தினர் மனம் வைத்தால் சில நாட்களில் முடிகிற வேலை. சேரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் தந்துவிட்டார். எழுத்தை வாசித்துக் கொடுக்கவும் மரங்களை அடையாளம் காட்டவும் நான் வருகிறேன். மூன்றாவது கொப்பியில் 'வ 14' என்று குறித்திருப்பது எந்தப் பனை என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கொடிகாமம்.