பர்க்கன்ஹெட் பாடத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குங்கள்

கப்பல் பயிற்சிக் கல்லூரிகளில் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ‘பெண்களும் குழந்தைகளும் முதலில்’ என்ற வழக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலான பர்க்கன்ஹெட்டின் கதை வந்துவிடுகிறது. 1852 பிப்ரவரி 26, அதிகாலை இரண்டு மணி. தென்னாப்பிரிக்காவின் டேஞ்சர் பாயின்ட் அருகே கப்பல் பாறையில் மோதியது. நீந்தத் தெரிந்தவர்களைக் கடலில் குதித்து உயிர்காப்புப் படகுகளை நோக்கி நீந்தச் சொன்னார் கேப்டன் சால்மண்ட். எல்லோரும் போனால் பெண்கள் இருக்கும் படகு கவிழ்ந்துவிடும் என்று தடுத்தார் சிப்பாய்களின் தலைவரான கர்னல் செட்டன். அநேகமாக எல்லாச் சிப்பாய்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களில் பலர் புதிதாகப் படையில் சேர்ந்த பையன்கள். பெண்களும் குழந்தைகளும் அத்தனை பேரும் பிழைத்தார்கள். கப்பலில் இருந்த சுமார் 640 பேரில் தப்பியவர்கள் 193.

சரி, அவர்கள் அப்படி நிற்க வேண்டி வந்தது ஏன்? அதற்கு 1845-க்குப் போக வேண்டும். ஜான் லேர்டின் பட்டறையில் போர்க்கப்பலாகக் கட்டப்பட்ட இரும்புக் கப்பல் அது. இரு பக்கமும் துடுப்புச் சக்கரம். 1847-இல் அயர்லாந்துக் கரையில் தரைதட்டிக் கிடந்த ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலை மீட்க உதவியதும் இதுதான். அப்புறம், பீரங்கிக் குண்டு பட்டால் இரும்புத் தகடு சிதறும் என்று கடற்படைக்குப் பயம் வந்தது. போர்க்கப்பல் துருப்புக் கப்பலானது. சிப்பாய்கள் நடமாட வசதியாக, உள்ளே தண்ணீர் புகாதபடி அறை அறையாகப் பிரித்திருந்த தடுப்புச் சுவர்களில் வழி வெட்டினார்கள்.

என்னைக் கேட்டால், பாதி விபத்து அந்த வெட்டிலேயே நடந்துவிட்டது. மோதியதும் அந்த வழிகளில் தண்ணீர் பாய்ந்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த பலர் எழுந்திருக்கக்கூட நேரமில்லாமல் மூழ்கினார்கள். இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டச் சொன்ன உத்தரவு ஓட்டையை இன்னும் பெரிதாக்கியது. படகுகளில் மூன்றுதான் ஒழுங்காக இறங்கின. மற்றவற்றின் இறக்கும் கருவிகள் பராமரிப்பில்லாமல் இறுகிக் கிடந்தன. அரைமணி நேரத்துக்குள் கப்பல் உடைந்துவிட்டது. ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்தவர் 12, 13 பாகம் (ஒரு பாகம் ஆறடி) என்று சொன்ன சற்று நேரத்தில்தான் பாறை தட்டியது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

அணிவகுத்து நின்ற சிப்பாய்களின் படத்தைக் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு முன் கரும்பலகையில் கப்பலின் குறுக்குவெட்டை வரைந்து, வழி வெட்டிய சுவர்களைக் குறியுங்கள். எந்த அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்து எங்கே போகும் என்று மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் கதை கேட்டு வளர்ந்த ஒருவன்