இடத்துக்குப் பஞ்சம் இல்லையாமே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வந்த வீட்டுமனை இணைப்பிதழில் ‘சென்னைப் புறநகரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எழுதியவர் எந்தப் புறநகரைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அதே பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க அடுக்குமாடி விளம்பரம் வந்திருந்தது தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

எங்கள் தெருவில் முன்பு ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) ஒரு வீடு, ஒரு கிணறு, பின்னால் நாலு தென்னை என்று இருந்தது. இப்போது அதே ஒரு கிரவுண்டில் எட்டு வீடு, எட்டு கார். தெருவின் அகலம் மட்டும் அன்றைக்கு இருந்த அதே இருபது அடி. பாதாளச் சாக்கடைக்கு வைப்புத்தொகை கட்டிய ரசீது என் பீரோவில் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, இணைப்பு வந்தபாடில்லை. சாயந்தரமானால் கழிவுநீர் லாரி வந்து குழாயை இழுத்துப் போடும். அது போகும்வரை பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நிற்கும்.

வரி மட்டும் குறித்த நேரத்தில் ஏறிவிடும். 2022-இல் எங்கள் புறநகரில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம் என்று தொடங்கி, 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம் வரை சொத்து வரியை உயர்த்தினார்களே, அதைப் பற்றி நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். என் வீட்டுக்கு 50 சதவீதம். சரி, கட்டினோம். கட்டிய வரிக்கு ஒரு தெருவிளக்கு கூடுதலாக எரிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது மனைப்பிரிவில் பொதுவுக்கென்று ஒதுக்கும் திறந்தவெளி நிலம் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை நீங்கலாக மீதியில் 10 சதவீதத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் மனைப்பிரிவிலும் கொடுத்தார்கள். வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் ‘பூங்கா’ என்று அழகாகப் போட்டிருக்கிறது. நேரில் வந்தால் துருப்பிடித்த கேட், பெரிய பூட்டு, ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ பலகை. உள்ளே யாரோ ஒரு ஒப்பந்ததாரரின் ஜல்லிக் குவியலும் எம்-சாண்டும். அத்துமீறியவர் யார் என்று கேட்டு மனு கொடுத்தேன். ‘சர்வே எண் குறிப்பிடவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். குறிப்பிட்டு மறுபடி கொடுத்தேன். அதற்குப் பதிலே இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியதை நாடே பார்த்தது. ஏரிக்கு ஏரி தண்ணீர் போகும் கால்வாயைச் சுருக்கி, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழே மனை விற்றால் தண்ணீர் எங்கே போகும்? வரவேற்பறைக்குத்தான் வரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததும் கைதட்டினோம். அதே சதுப்பில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சதுப்பையும் ஒரு காலத்தில் ‘தரிசு’ என்றுதான் கணக்கில் எழுதிவைத்தார்கள். உங்கள் இணைப்பிதழும் அந்தக் கணக்கைத்தான் தொடர்கிறதோ என்னவோ.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. உங்கள் நிருபர் ஒருவரை ஒரு மாலை இந்தப் பக்கம் அனுப்பி, அந்தப் பூட்டை ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். தெருவில் கார்களுக்கு நடுவே கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு சாயந்தரம் இரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்துவிட்டால்கூடப் போதும். ஜல்லியை அவர்களே ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். அடுத்த அரையாண்டு வரி ரசீது இன்னும் வரவில்லை.

தங்கள் நெடுநாள் வாசகர்,
சென்னை தெற்குப் புறநகர்.