கட்டாரி வேறு, அமாரு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் தென் அமெரிக்கக் கிளர்ச்சிகள் கட்டுரையில், 1781இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த துபாக் கட்டாரியை 'துபாக் அமாருவின் தளபதி' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். பெயரால் வந்த குழப்பமாக இருக்கலாம். நம் காதுக்குக் கட்டாரி குத்துவாள். அங்குள்ள பூர்வகுடிகளின் அய்மாரா மொழியில் அது பாம்பு. இன்னொரு பூர்வகுடி மொழியான கெச்சுவாவில் அமாருவும் பாம்புதான்! ஆனால் ஆட்கள் வேறு.

அமாரு பெருவின் குஸ்கோ வட்டாரத் தலைவர், படித்தவர், இன்கா அரச வம்சத்தவர் என்று உரிமை கோரியவர். கட்டாரிக்கு அப்படி எந்தப் பெருமையும் கிடையாது. இயற்பெயர் ஹூலியான் அபாசா. இன்றைய பொலிவியாவில், கோகா இலையும் முரட்டுத் துணியும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர். பொதோசி வெள்ளிச் சுரங்கத்தின் கட்டாய வேலையும், வேண்டாத சரக்கை அதிக விலைக்குக் குடியானவர் தலையில் கட்டிய ஸ்பானிய அதிகாரிகளின் அடாவடியும் பொறுக்காத சனம் அவர் பின்னால் திரண்டது. புதுப்பெயரில் பாதியை அமாருவிடமிருந்தும், மறுபாதியை 1781 ஜனவரியில் கொல்லப்பட்ட இன்னொரு கிளர்ச்சித் தலைவர் தோமாஸ் கட்டாரியிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்.

லா பாஸ் நகரம் கிண்ணத்தின் அடியில் கிடப்பது போன்ற பள்ளத்தில் இருக்கிறது. மேலே விளிம்பை, இன்றைய எல் ஆல்ட்டோவை, பிடித்துவிட்டால் போதும். 1781 மார்ச்சில் கட்டாரி செய்தது அதைத்தான். சுமார் 40,000 பேர் நகரைச் சூழ்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கடைசியில் நாயையும் கோவேறு கழுதையையும் தின்றார்கள். மே 18 அன்று குஸ்கோவில் அமாரு கொல்லப்பட்டார், முற்றுகை தளரவில்லை. ஜூன் கடைசியில் ஸ்பானியப் படை வந்து உடைத்தது. ஆகஸ்டில் கட்டாரியின் ஆட்கள் நகரை மீண்டும் வளைத்து அக்டோபர் வரை முற்றுகையிட்டார்கள். இதையா ஒரு தளபதி கணக்கில் எழுதுவது? இருவருக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் முற்றுகையில் அமாருவின் உறவினர் ஆந்திரெஸ் வந்து சேர்ந்தார். ஒத்துழைப்போடு உரசலும் இருந்தது.

காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட கட்டாரியை நவம்பரில் பெனியாஸ் ஊரில் நான்கு குதிரைகளில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். குஸ்கோவில் அமாருவுக்கும் இதே தண்டனையை முயன்று, முடியாமல் தலையை வெட்டினார்கள். இரு கதைகளும் கலந்துபோக இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

பெரிய வருத்தம் ஒன்று. முற்றுகையில் படை நடத்திய கட்டாரியின் மனைவி பார்தொலினா சிசாவின் பெயரே கட்டுரையில் இல்லை. அவரும் கட்டாரியின் சகோதரி கிரெகோரியாவும் 1782 செப்டம்பர் 5 அன்று லா பாஸில் கொல்லப்பட்டார்கள். உலகப் பூர்வகுடிப் பெண்கள் நாள் அந்தத் தேதியில்தான் நினைவுகூரப்படுகிறது. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்